பாக்கிக் கணக்கு

பிஸ்மில்லா கானைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் லுங்கிக் கதைதான் பிரபலம். 2001ல் பாரத ரத்னா கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் அவர் வீட்டில் கிழிந்த லுங்கியோடு உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய விருது வாங்கிய பிறகு இது நன்றாகவா இருக்கிறது என்று சீடர் ஒருவர் உரிமையோடு கடிந்துகொண்டார். விருது கிடைத்தது ஷெனாய்க்கு, லுங்கிக்கு இல்லை என்றார் கிழவர். துணி இன்று கிழிந்தால் நாளை தைத்துக்கொள்ளலாம், ஸ்வரம் கிழியாமல் ஆண்டவன் காப்பாற்றினால் போதும் என்பது அவருடைய கவலை.

இந்தக் கதையைச் சொல்லி ரசிக்கிறவர்கள் பலர். அதே மனிதர் வயதான காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பரவவில்லை. அவருக்கு 14 வயது இருக்கும்போது காசியின் பழைய பாலாஜி கோயிலுக்குச் சாதகம் செய்யப் போவார். கோயிலுக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள். அதில் ஒரு வழி ரஸூலன் பாய், பதூலன் பாய் என்ற இரண்டு பாடகிகளின் வீட்டைத் தாண்டிப் போகும். பையன் அந்த வழியாகத்தான் போவான். மாடியிலிருந்து டும்ரியோ டப்பாவோ தாத்ராவோ காதில் விழும். சங்கீதத்தின் மீது தனக்கு முதன்முதலாகப் பிடிப்பு ஏற்படுத்தியது அந்தச் சகோதரிகளின் குரல்தான் என்று பல பேட்டிகளில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதில் என்ன விசேஷம்? அந்தப் பாடகிகள் தவாயிஃப் மரபைச் சேர்ந்தவர்கள். நம் ஊர் தேவதாசிகளைப் போலவே, அவர்களிடம் பாட்டைக் கற்றுக்கொண்டு அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் அது. அந்த மரபிலிருந்து வந்த பெண்களுக்கு வானொலி நிலையமே கதவைச் சாத்திய காலம் ஒன்று உண்டு. ரஸூலன் பாய்க்கு 1957ல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. 1969 கலவரத்தில் அகமதாபாத்தில் அவருடைய வீடு எரிந்தது. 1974ல் இறந்துபோனார். பிஸ்மில்லா கான் தன் மாமா அலி பக்ஷோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். காசி விசுவநாதர், கங்கை, பாலாஜி என்று சொல்லி முடித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னார். கூடவே குல்சும் என்ற கடைக்காரியின் நெய்யில் கச்சோரி விழும்போது எழும் சத்தத்தில் ஆரோகணம் அவரோகணம் கேட்டதையும் சொன்னார். ஆறு பைசா சினிமா டிக்கெட்டுக்கு மாமா, சித்தி, பாட்டி மூவரும் ஆளுக்கு இரண்டு பைசா கொடுத்ததையும் விட்டுவிடவில்லை. 2006ல் 90 வயதில் மறைந்தபோது நாடு அவருக்குப் பட்டிருந்த கடனைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அவர் பட்ட கடன்களின் பட்டியலை அவரே முன்கூட்டி ஒப்பித்துவிட்டிருந்தார்.

முப்பத்தைந்து வயதில் யாரும் இப்படி ஒரு பட்டியல் போடுவதில்லை. அந்த வயதில் போடுவது பயோ-டேட்டா. அதில் படித்த படிப்பு இருக்கும், வாங்கிய மார்க் இருக்கும், வகித்த பதவி இருக்கும். காலேஜ் பீஸ் கட்டக் கடைசி நாளில் யார் பணம் புரட்டிக்கொடுத்தார்கள் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்த பெரிய மனிதரின் பெயர் முதல் இரண்டு வருடம் நினைவில் இருக்கும். பிறகு, நம் திறமைக்கு எங்கே போனாலும் வேலை கிடைத்திருக்கும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். பிரமோஷன் வந்தால் அந்த எண்ணம் உறுதிப்படும். இதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏறிக்கொண்டிருக்கிறவனுக்குக் கீழே பார்க்கப் பயம்.

ரிடையர் ஆன பிறகு அந்தப் பயம் போய்விடுகிறது. இனி எந்த இன்டர்வியூவும் இல்லை, யாரையும் அசத்த வேண்டியதும் இல்லை. மதியம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கும்போது, ஐம்பது வருடமாக நினைக்காத ஒரு முகம் காரணம் இல்லாமல் வந்து நிற்கிறது. ராத்திரி சாப்பாட்டின்போது பேச்சு வாக்கில் அந்தப் பெயர் வெளியே வரும். யார் அது என்று மருமகள் கேட்பாள். அவ்வளவுதான், கதை ஆரம்பம். பேரன் மெதுவாக எழுந்து டிவி இருக்கும் அறைக்கு நழுவுவான்.

பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததற்கு அடையாளம் என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள். முதியவர்களைக் கடந்த காலத்திலிருந்து இழுத்து வந்து நிகழ்காலத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது அப்போதைய வைத்தியம். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963ல் ஒரு கட்டுரையில் இதை மறுத்தார். முடிவு நெருங்குவதை உணரும் மனம் தன் வாழ்க்கையை ஒருமுறை எடுத்துப் பார்த்து, தீராமல் கிடக்கிற விஷயங்களைத் தீர்த்துக்கொள்ள முயல்கிறது. அது இயல்பானது, அவசியமானதும்கூட என்றார். சிலருக்கு இந்தப் பரிசீலனை நிம்மதியில் முடியும், சிலருக்குக் குற்ற உணர்விலும் மனச்சோர்விலும் முடியும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கிழவர்கள் ஒரே கதையை ஏழு முறை சொல்வதற்கு மறதி மட்டும் காரணம் இல்லை. கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.

நம் நாட்டில் இந்தக் கணக்கைப் பார்க்கும் வயதுவரை வருவதே பெரும்பாலோருக்குப் புதிய விஷயம். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதுவாக்கில் இருந்தது. அம்மையும் காலராவும் பிரசவமும் வாரிக்கொண்டு போன குழந்தைகளும் தாய்மார்களும் சேர்ந்த சராசரி அது. பிறகு அது 70ஐத் தொட்டது. 2011 சென்செஸில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கும் மேல். இவர்களில் எத்தனையோ பேர் தங்கள் அப்பா பார்க்காத வயதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இவர்களுடைய பட்டியலில் உயிரோடு இருக்கிறவர்கள் குறைவு. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் போனவர்கள்.

பம்பாயிலும் டெல்லியிலும் கல்கத்தாவிலும் தலைநரைத்த தமிழர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் பட்டியல் பெரும்பாலும் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் தொடங்கும். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், கையில் ஒரு விலாசம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி கழித்து டெல்லியில் இறங்கும்போது தெரிந்த இந்தி மூன்று வார்த்தை. அந்த விலாசத்தில் இருந்தவர் பெரும்பாலும் சொந்தக்காரர்கூட இல்லை. அத்தையின் ஓரகத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. கரோல் பாக்கில் ஒற்றை அறையில் ஏற்கனவே நான்கு பேர் இருப்பார்கள். ஐந்தாவது பாய் விரிக்கப்படும். வேலை கிடைக்கும்வரை வாடகையில் பங்கு கேட்க மாட்டார்கள்.

டிசம்பர் வரும். அந்தக் குளிரைத் திருநெல்வேலியிலிருந்து வந்த பையன் கனவிலும் பார்த்ததில்லை. அறையில் யாராவது ஒருவர், போட்டுப் பழகிய ஸ்வெட்டரைக் கழற்றி, நாளைக்கு உனக்கு இன்டர்வியூ, போட்டுக்கொண்டு போ என்று எறிவார். பம்பாயில் அதே வேலையை மெஸ்காரர் செய்தார். மாதுங்காவில் 1942ல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் போன்ற இடங்களில் எத்தனை தமிழ், மலையாள, கன்னட வயிறுகள் நிரம்பின என்பதற்கு எந்த ரிஜிஸ்தரும் கிடையாது. சின்ன மெஸ்களில், முதல் சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு சோறு போட்டவர்கள் இருந்தார்கள். எழுதாமலே போட்டவர்களும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் மதராஸிகளுக்கு எதிராகப் பம்பாய் கொந்தளித்த நாட்களை நினைவு கூரும் பெரியவர்கள்கூட, கடைக் கண்ணாடியை உடைத்தவர்களைப் பற்றி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, கதவைத் தட்டி உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்த பக்கத்து வீட்டு மராத்திக்காரரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்.

கவனித்தால் ஒன்று தெரியும். இந்தப் பட்டியல்களில் தொகை சிறியது, விவரம் துல்லியமானது. ஸ்வெட்டரின் நிறம் தெரியும். எந்தக் கிழமை என்பது தெரியும். மகள் கல்யாணத்துக்கு வந்த லட்ச ரூபாய் பேங்க் லோனைப் பற்றி யாரும் கண்கலங்குவதில்லை.

அப்துல் கலாம் 1999ல் வெளிவந்த தன் சுயசரிதையில் ராக்கெட்டைப் பற்றி நிறையவே சொன்னார். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஸோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதும் அதில் உண்டு. 2013ல், எண்பதைத் தாண்டிய பிறகு, இன்னொரு புத்தகம் வந்தது. இதில் ராக்கெட் பின்னால் போய்விட்டது. அப்பா கட்டிய படகு, அக்கா, அக்கா கணவர் ஜலாலுதீன், யுத்த காலத்தில் பேப்பர் போடும் வேலை கொடுத்த ஷம்சுதீன் ஆகியோர் முன்னால் வந்துவிட்டார்கள். பங்கீட்டு நாட்களில் அம்மா ரொட்டியைப் போடப்போட அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு அண்ணன் தனியே கூப்பிட்டு, அம்மா தன் பங்கையும் உனக்கே போட்டுவிட்டாள், தெரியுமா என்று அதட்டினார். குடியரசுத் தலைவர் மாளிகையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவருக்கு அந்த ரொட்டி தொண்டையில் நின்றிருக்கிறது.

நன்றிக் கணக்கை முறையாக எழுதி வைத்தவர் என்று தமிழில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் உ.வே. சாமிநாதையரைத்தான் சொல்ல வேண்டும். அவருடைய பெயரே ஒரு கடன். பெற்றோர் வைத்தது வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்றும் கூப்பிடுவார்கள். பாடம் கேட்கப் போன இடத்தில், வேறு பெயர் உண்டா என்று விசாரித்து, சாமிநாதன் என்றே அழைக்கிறேன் என்றவர் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஊர் உலகம் அதையே பிடித்துக்கொண்டது. அந்த ஆசிரியர் 1876ல் காலமானார். அப்போது சிஷ்யனுக்கு வயது 21 ஆகவில்லை; ஒரு புத்தகமும் பதிப்பித்திருக்கவில்லை. சீவகசிந்தாமணி அச்சானது 1887ல். ஆசிரியருக்கு அதன் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. 1933லும் 1934லும், தன் எழுபதுகளின் கடைசியில், ஐயர் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி முடித்தார். கடன்பட்டு 58 வருடம் ஆகியிருந்தது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைக்கக் காரணமாக இருந்தவர் தியாகராச செட்டியார். தான் ஓய்வு பெறும் நாற்காலியில் இந்த இளைஞனைத்தான் உட்கார வைக்க வேண்டும் என்று நின்று முடித்தார். பிற்காலத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் ஐயர் வசித்த வீட்டின் பெயர் தியாகராஜ விலாசம். அப்பா பெயரோ குலதெய்வத்தின் பெயரோ வைக்கவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவரின் பெயர். இன்று சிபாரிசு செய்தவர் பெயரை வீட்டு வாசலில் எழுதினால் விஜிலென்ஸ் வரும் என்பது வேறு விஷயம்.

ஐயரின் பட்டியலில் மிகவும் யோசிக்க வைக்கும் பெயர் சேலம் இராமசுவாமி முதலியார். 1880ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர். தேதிகூட ஐயருக்கு மறக்கவில்லை: அக்டோபர் 21, வியாழக்கிழமை. பார்க்கப் போன ஐயர், தான் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற தோரணையில் ஒரு கேள்வி. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்று இன்னொரு கேள்வி. மகாவித்துவானிடம் ஐந்து வருடம் பாடம் கேட்டவர், கல்லூரி உத்தியோகத்தில் இருக்கிறவர், 25 வயது. அவமானமாக இருக்காதா? இருந்தது என்று அவரே எழுதுகிறார். மறுபடி போகாமல் இருந்திருக்கலாம். போனார். சிந்தாமணிப் பிரதி கைக்கு வந்தது. அறுபது வருடம் கழித்துச் சுயசரிதை எழுத உட்கார்ந்தபோது, தன் கல்வியைத் துச்சமாக மதிப்பிட்ட அந்தப் பேச்சைத் தன் வாழ்வின் திருப்பம் என்று பதிவு செய்தார்.

தன்னைப் புகழ்ந்தவர்களைப் பட்டியலில் சேர்ப்பது எளிது. மட்டம் தட்டியவர்களைச் சேர்க்க வயது ஆக வேண்டியிருக்கிறது. நாற்பது வயதில் அந்த முன்சீபை நினைத்திருந்தால் ஐயருக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்குமோ என்னவோ.

அந்தச் சுயசரிதை ஆனந்த விகடனில் 1940 ஜனவரியில் ஆரம்பித்து வாரம்தோறும் வந்தது. 1942 ஏப்ரலில், யுத்த பயத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போயிருந்த இடத்தில், 87 வயதில் ஐயர் காலமானார். தொடர் பாதியில் நின்றது. ஆனாலும் ஆசிரியர், செட்டியார், முதலியார் மூன்று பேருக்கும் உரிய அத்தியாயங்கள் வந்துவிட்டிருந்தன. தியாகராஜ விலாசம் 2012ல் இடிக்கப்பட்டது. புத்தகம் இருக்கிறது.

எல்லாருக்கும் அச்சு இயந்திரம் கிடைக்காது. நேரில் போய்ச் சொல்வதுதான் உத்தமம். அதற்கு நடக்க முடிகிற காலும், அந்தப் பக்கம் கேட்க முடிகிற காதும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். 1979ல் பெளதிகத்துக்கான நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் ஸலாம், தனக்கு லாகூரில் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்கூலியைத் தேடினார். பிரிவினையில் ஆசிரியர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கண்டுபிடித்துத் தரும்படி இந்திய அரசைக் கேட்டுக்கொண்டார். 1981 ஜனவரியில் கல்கத்தாவில் ஆசிரியரின் வீட்டுக்குப் போனபோது, முதியவர் எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில் படுக்கையில் இருந்தார். ஸலாம் நோபல் பதக்கத்தை எடுத்துக் காட்டி, இது உங்களுக்கு உரியது என்று சொன்னார். இரண்டு நாடுகள் இதற்குள் மூன்று யுத்தம் முடித்திருந்தன. வாத்தியாருக்கும் மாணவனுக்கும் நடுவில் அந்த எல்லைக்கோட்டுக்கு வேலை இருக்கவில்லை.

இப்படி ஒரு சந்திப்பால் என்ன ஆகும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியல் நிபுணரும் அவருடைய குழுவும் 2005ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சரியாக நன்றி சொல்லாமல் விட்டுவிட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். செய்தவர்களின் மனநிலையில் நல்ல மாற்றம் தெரிந்தது. சுமார் ஒரு மாதம் நீடித்தது, பிறகு குறைந்தது. ஒரு மாதம் என்றால் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆய்வில் சந்தோஷத்தை அளந்தது கடிதம் கொண்டுபோனவர்களிடம். கங்கூலியைப் போல வாங்கிக்கொண்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இன்னும் சுவாரஸ்யமான கேள்வி. ஊர் மாறி, பாஷை மாறிய இடத்தில், வாழ்நாளில் செய்த வேலை வீணா என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் பதில் வருகிறது.

நன்றியைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. வயதானவர்களிடம் இந்தச் சமூகம் நன்றியைக் கேட்டு வாங்குகிறது. பையன் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான், மருமகள் வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற கேள்வியில் பதில் சொல்ல இடமில்லை. மூன்று மாதம் மூத்தவன் வீடு, மூன்று மாதம் இளையவன் வீடு என்று பையும் மருந்து டப்பாவுமாக மாற்றலாகிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டுகிறாள். தலையாட்டாவிட்டால் அடுத்த மூன்று மாதம் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007ல் சட்டமே போட வேண்டியிருந்தது. மாதம் 10,000 ரூபாய்வரை கொடுக்க உத்தரவிடலாம், கைவிட்டால் மூன்று மாதம் சிறை. அதே 2007ல் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோரின் பென்ஷனுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து வருடம் கழித்தும் எண்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த எண் அசையவில்லை. மாநில அரசுகள் சேர்ப்பதைச் சேர்த்துக்கொண்டு, கிடைத்தவரை புண்ணியம் என்று சொல்லும் பாட்டியின் வார்த்தையை மனத்திருப்தி என்று எடுத்துக்கொள்வது ஆள்கிறவர்களுக்கு வசதி.

பெண்களின் பட்டியல் இதனாலேயே வேறு மாதிரி இருக்கும். ஆண்கள் வேலை வாங்கிக் கொடுத்தவரைச் சொல்கிறார்கள். பாட்டிமார்கள் சொல்வது, பிரசவத்தில் ஜன்னி கண்டபோது இரவெல்லாம் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரியை. மாமியாருக்குத் தெரியாமல் தபால் கொண்டுவந்து கொடுத்த வண்ணாத்தியை. எதிர்வீட்டுக்காரியின் பெயர் சில சமயம் தெரிந்திருக்காது. அம்புஜத்தின் அம்மா என்றுதான் ஊர் கூப்பிட்டது.

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்ற பெண், தன் கதையைத் தானே எழுதினார். வங்காள மொழியின் முதல் சுயசரிதை என்று அதைச் சொல்வார்கள். பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பப்னா மாவட்டத்தில். 12 வயதில் கல்யாணம். வரிசையாகக் குழந்தைகள். பெரிய குடும்பத்தின் சமையல் முழுக்க அவர் தலையில். எழுத்துப் படித்தால் பெண் விதவையாவாள் என்று ஊர் நம்பிய காலம். இருபத்தைந்து வயதுவாக்கில் அவருக்குப் படிக்க ஆசை வந்தது. கணவருடைய சைதன்ய பாகவதத்திலிருந்து ஒரே ஒரு ஏட்டை எடுத்து அடுப்பங்கரையில் ஒளித்து வைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அடுப்பு எரியும்போது யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்தார். கற்றுக் கொடுக்க ஆள் கிடையாது.

அறுபதை ஒட்டிய வயதில் எழுதிய புத்தகம் முழுவதும் இறைவனுக்கு நன்றி. உடம்பு கொடுத்ததற்கு, பிள்ளைகள் கொடுத்ததற்கு, படிக்க வைத்ததற்கு. அதே புத்தகத்தில், தன் தாய் சாகக் கிடந்தபோது போய்ப் பார்க்க விடவில்லை என்பதையும் எழுதினார். ஆண் பிள்ளையாகப் பிறந்திருந்தால் எங்கே இருந்தாலும் பறந்து போயிருப்பேனே என்று மனம் வெந்து எழுதினார். மாமியார் வீட்டில் அவரை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. நல்லவர்கள் என்றே சொல்கிறார். நல்லவர்கள்தான், அனுப்பவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ஒன்றுக்காக மற்றதை அடித்துவிடாமல் விட்டிருக்கிறார்.

1897ல் அவருக்கு 88 வயது. புத்தகம் மறுபடி அச்சாக இருந்தது. கணவர் போய்விட்டிருந்தார், பெற்ற பிள்ளைகளில் பலரும் போய்விட்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று உட்கார்ந்து புதிதாகப் பல பக்கங்கள் எழுதிச் சேர்த்தார்.